முன்பு குடியிருந்தவர்

முப்பத்தோரு ஆண்டுகள் பிறருக்கு வீடு பார்த்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கினேன். எங்கள் கம்பெனியில் அந்தப் பிரிவுக்கு ஹவுசிங் செல் என்று பெயர். சென்ற மாதம் அதை மூடிவிட்டார்கள். இப்போது வேலைக்குச் சேருகிறவர்கள் போனிலேயே வீட்டைப் பார்த்து, போனிலேயே முன்பணமும் கட்டிவிடுகிறார்கள். நடுவில் ஓர் ஆள் எதற்கு? செய்தியைச் சொன்ன பழைய சகா ஒருத்தி, "மேடம், அத்தன வருஷம் நீங்க அப்படி என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டாள். கேலியில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவளிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் செகந்திராபாத்தில் பிறந்தவள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்கனி உருதும், சர்ச் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கையோடு சனத்நகரில் ஓர் இன்ஜினியரிங் கம்பெனியின் எஸ்டேட் செக்‌ஷனில் சேர்ந்தேன். ஆறு ஆண்டுகளில் அந்தக் கம்பெனி மூடிப்போயிற்று. செக்‌ஷன் தலைவராக இருந்த வேதமாணிக்கம் சாரை, ஊருக்கு மேற்கே பெரிய வளாகம் கட்டப்போகிற ஒரு சாப்ட்வேர் கம்பெனி அழைத்துக்கொண்டது. சார் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கற்றுக்கொண்ட வேலை முழுக்க அவர் பின்னால் படியேறி இறங்கிக் கற்றதுதான்.

சார் ஒரு வீட்டைப் பார்க்கிற விதம் இப்போதும் கண்ணில் இருக்கிறது. செருப்பை வெளியே கழற்றுவார். ஹாலைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறப்பார். மஞ்சீரா ஆற்றுக் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்கு வருகிறது என்று வீட்டுப் பெண்களிடம் கேட்பார். ஆண்களிடம் கேட்க மாட்டார். வடக்குப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்பார். ஈரம் இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். யாராவது "உக்காருங்க" என்று சொல்லாமல் உட்கார மாட்டார். வாடகையைப் பற்றிய பேச்சை வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரையும் வைத்துக்கொண்டு எடுக்கவே மாட்டார்.

ஆண்டுக்கு ஒருமுறை வாடகை சர்வே. ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப் படி எவ்வளவு கொடுக்கலாம் என்று கம்பெனிக்குச் சொல்வதற்காக, குகட்பள்ளியிலிருந்து மேற்கே ஒவ்வொரு காலனியாக நடப்போம். ஒரு தெருவுக்கு மூன்று பேரைக் கேட்க வேண்டும்: குடியிருப்பவர், வீட்டுக்காரர், தெருமுனைக் கிரானா, அதாவது மளிகைக் கடைக்காரர். வீட்டுக்காரர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடச் சொல்வார் சார்.

முதல் மூன்று சர்வேயும் ஒழுங்காக நடந்தன. நாலாவது ஆண்டு கம்பெனி படியை உயர்த்தியது. சுற்றறிக்கை ஊழியர் கைக்கு வந்தது திங்கட்கிழமை. வியாழக்கிழமை நான் ஒரு தெருவில் போனபோது அதே தொகையை வாடகையாகச் சொன்னார்கள், ரூபாய் பிசகாமல். எங்கள் ஆட்கள் யாருமே குடியிருக்காத தெரு அது. நான் ஓடிவந்து சொன்னதும் சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நாம வாடகைய அளக்கப் போறோம்னு நெனச்சிட்டிருந்தோம் எஸ்தரம்மா. நாம போறதே அத ஏத்துது."

அப்போது அது எனக்கு ஒரு சுவாரசியமான விஷயமாகத்தான் பட்டது. அந்த வாடகையைக் கட்ட எங்கள் ஊழியருக்குப் படி இருந்தது. அதே தெருவில் இருந்த தையல்காரருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் யார் படி கொடுப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

பிறகு அந்த விரிவாக்கம் வந்தது. இரண்டாவது கட்டடம் எழும்பி முடியும் நேரம், நானூறு பேர் ஒரே மாதத்தில் சேரப்போகிறார்கள் என்று மேலிடம் சொன்னது. அவர்களில் பாதிப்பேர் வெளியூர்ப் பிள்ளைகள். முதல் சில மாதங்களுக்குக் கம்பெனியே வீடுகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுக்கும் என்று முடிவாயிற்று. விளம்பரம் வெளியாவதற்கு முன்பே வீடுகளைப் பிடித்துவிட வேண்டும், வெளியே யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்றார்கள். எனக்குக் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியும் அதை ஒட்டிய தெருக்களும். கையில் ஒரு கட்டுப் படிவம். வீட்டைப் பார்த்து, காலியாக இருக்கிறது, குடியேறத் தயார் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதன்மேல்தான் குத்தகை எழுதப்படும்.

கம்பெனி அச்சடித்த படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தைச் சார் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கோடு போட்டுச் சேர்த்திருந்தார். 'முன்பு குடியிருந்தவர், சென்ற இடம்' என்பது அந்தக் கட்டம். சனத்நகர் காலத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர்கள், "அவங்களே காலி பண்ணிட்டாங்க" என்றார்கள். 'தானாகக் காலி செய்தார்' என்று பென்சிலாலேயே எழுதினேன். பத்து நாளில் பதினோரு வீடு.

பன்னிரண்டாவது வீடு, மாவு மில் இருந்த தெருவில், தரைத்தளம். வீட்டுக்காரர் வெங்கடய்யா மாடியில் இருந்தார், ஓய்வுபெற்ற குமாஸ்தா. வீடு காலி என்று போனில் சொல்லியிருந்தார். நான் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசனை. பாவாடை தாவணிப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, எவரோ வச்சாரு" என்று, யாரோ வந்திருப்பதாகத் தெலுங்கில் உள்ளே குரல் கொடுத்தாள்.

வந்தவர் ஓர் ஆண். வலது கையால் சுவரைத் தொட்டபடி, தயக்கமில்லாமல் வேகமாக வந்து, எனக்கு இரண்டடி முன்னால் சரியாக நின்றார். கண்கள் என்னைப் பார்க்கவில்லை.

"யாருங்க?" என்று முதலில் தெலுங்கிலும், நான் பதில் சொன்ன விதத்தைக் கேட்டுவிட்டுத் தமிழிலும் பேசினார். "தமிழா நீங்க? உள்ள வாங்க மேடம். சரோஜா, சேர் போடு."

அவர் பெயர் தேவராஜ். வடாற்காட்டிலிருந்து வந்த ரயில்வே குடும்பம். ராமச்சந்திராபுரத்தில் இருக்கிற பெரிய அரசுத் தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. மனைவி சரோஜா பக்கத்து டிஸ்பென்சரியில் ஆயா வேலை. மகள் இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"ஓனர் நோட்டீஸ் குடுத்துட்டாரு. ஒண்ணாந்தேதிக்குள்ள போவணும்னாரு. கம்பெனி எடுக்குதுன்னு சொன்னாரு. நீங்கதானா அந்தக் கம்பெனி?"

"ஆமா."

"சரி. பாத்துக்கங்க." குரலில் கோபமே இல்லை. எனக்கு அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

"உங்களுக்குத் தொழிற்சாலைலயே குவார்ட்டர்ஸ் கிடைக்குமே?" என்று கேட்டேன்.

"இருந்துதே. நான்தான் உட்டுட்டு வந்தன். ரிட்டயர் ஆனா அத காலி பண்ணணும் இல்லியா? அறுவது வயசுல புதுசா ஒரு ஊரக் கத்துக்க முடியுமா மேடம்? முப்பத்தேழு வயசுலயே வெளிய வந்து இந்தத் தெருவக் கத்துக்கினன். கடசி வரிக்கும் இதான்னு."

பிறகு அவர் அந்தத் தெருவைச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். கேட்டிலிருந்து இடது கைப்பக்கம் நாற்பது அடியில் டிரான்ஸ்பார்மர் ரீங்காரம். அதைத் தாண்டினால் இஸ்திரிக்காரரின் கரி வாசனை. மாவு மில் சத்தம் காதுக்கு நேராக வந்ததும் வலதுபக்கம் திரும்ப வேண்டும். மில் சத்தம் முதுகுக்குப் போனதும் மெயின் ரோடு. அங்கே தொழிற்சாலை பஸ் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடிப்பார். பத்தொன்பது ஆண்டுகளாக ஒருவரையும் கைப்பிடிக்கச் சொன்னதில்லை என்றார்.

சரோஜா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் வெங்கடய்யா நின்றிருந்தார். "சீக்கிரம் வந்துட்டீங்களே" என்று தெலுங்கில் சொன்னார். "ஒண்ணாந்தேதி காலியா இருக்கும். கையெழுத்துப் போட்டுடுங்க."

நான் போடவில்லை. ஆபீசுக்குப் போய்ச் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே, சார் அனுதாபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அலமாரியைத் திறந்து நான் கொடுத்த பதினோரு படிவங்களையும் எடுத்து மேசைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார்.

"தானாகக் காலி செய்தார்னு எழுதியிருக்கீங்க. இதுல நீங்க நேர்ல பாத்துக் கேட்டது எத்தன பேரு?"

"ஒருத்தருமில்ல சார். ஓனர் சொன்னத எழுதினேன்."

"ஓனர் சொல்றத நாம எப்பவும் விட்டுடுவோமே, எஸ்தரம்மா."

ஒரு ரப்பரையும் பென்சிலையும் என் பக்கம் நகர்த்தினார். "அழிச்சிட்டு, விசாரிக்கவில்லைன்னு எழுதுங்க."

அவர் முன்னால் உட்கார்ந்து எழுதினேன். பதினோரு தடவை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முடித்ததும் அவற்றை வாங்கி, தன் கையெழுத்தையும் ஒவ்வொன்றின் கீழும் போட்டார். "நானும் கேக்கல. என் பேரும் இருக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் மேலதிகாரியிடம் போனோம். முப்பத்தைந்து வயதுக்காரர், நல்ல மனிதர்தான். ஆள் இருக்கிற வீட்டை இனிமேல் எடுக்க மாட்டோம், கட்டிமுடிக்கிற நிலையில் இருக்கும் புதிய அடுக்குமாடிகளை மட்டும் பார்ப்போம், அதுவரை பிள்ளைகள் லாட்ஜில் இருக்கட்டும் என்றார் சார்.

"நாம எடுக்கலைன்னா வேற கம்பெனி எடுக்கும் சார். அந்தக் குடும்பத்துக்கு என்ன வித்தியாசம்?" என்று அவர் இங்கிலீஷில் கேட்டார்.

"இருக்கலாம். ஆனா அது அவங்க படிவம். இது என்னுது."

மேலதிகாரி சம்மதித்தார். கையெழுத்தாகிவிட்ட பதினோரு குத்தகையை மட்டும் மாற்ற முடியாது என்றார். அதை எதிர்த்துச் சார் மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

வெங்கடய்யாவிடம் பேசவும் சாரே என்னோடு வந்தார். மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உட்காரச் சொல்ல வெங்கடய்யாவுக்கு ரொம்ப நேரமாயிற்று. கம்பெனி இந்த வீட்டை எடுக்கவில்லை என்று சார் சொன்னதும் அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"நானா உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னேன்? நீங்கதான் என் வாசலுக்கு வந்தீங்க. வந்து ஒரு வெலயச் சொன்னீங்க. பத்தொன்பது வருஷம் அந்த மனுஷன்கிட்ட நான் வாயத் தொறந்து ஏத்திக் கேட்டதில்ல. எம்பையன் ஃபேக்டரி மூடி ரெண்டு வருஷமா வீட்ல கிடக்கறான். இப்ப ஒரு வெல இருக்குன்னு தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி எப்படி இருப்பேன்?"

அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அந்தத் தேவராஜய்யா இருக்கட்டும். கொஞ்சம் ஏத்திக் குடுப்பாரு. எனக்கு ஜுரம் வந்தப்ப நடுராத்திரி போய் டாக்டரக் கூட்டிட்டு வந்தது யாரு, நீயா?" வெங்கடய்யா தலையைக் குனிந்துகொண்டார். தேவராஜுக்கு வீடு தங்கிற்று.

நான் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். ஒரு காரியத்தைச் சரியாக முடித்துவிட்ட சந்தோஷம்.

விளம்பரம் வெளியானது. எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு கம்பெனிகள் அந்தப் பக்கம் வந்தன. தேவராஜ் வீட்டை நாங்கள் விட்டுவிட்டோம். தெருவை யாரும் விடவில்லை. முதலில் இஸ்திரிக்காரர் போனார். அவர் வண்டி நின்ற சுவரை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணினார்கள். அடுத்து மாவு மில். மில்லுக்காரரின் பிள்ளைகள் இடத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே ஐந்து மாடியில் பெண்கள் விடுதி வரப்போவதாகத் தகரம் அடித்துப் பள்ளம் தோண்டினார்கள். தெருவில் எந்நேரமும் கலவை இயந்திரங்களின் இரைச்சல். டிரான்ஸ்பார்மர் சத்தம் அதில் அமுங்கிப்போயிற்று.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை சரோஜா ஆபீசுக்கே போன் செய்தாள். "மேடம், அவரு குழில உழுந்துட்டாரு. தகரத்த யாரோ ராத்திரி தொறந்து போட்டுக்கீறாங்க."

ஆஸ்பத்திரியில் அவர் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நெற்றியில் தையல். என் குரலைக் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"வலி ஒண்ணும் பெருசில்ல மேடம். உழுந்தப்பறம் எந்தப் பக்கம் வீடுன்னு தெரியல. அதான். அந்தத் தெருவுல எனக்குத் தெரியாமப் போனது அன்னிக்குத்தான் மொத தடவ."

சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் முதன்முறையாக என்னிடம் தமிழில் பேசினாள், திக்கித் திக்கி. "ஆன்ட்டி, இங்க வேணாம். வேற வீடு பாருங்க. நீங்க வீடு பாக்கறவங்கதான?"

நான் வீடு பார்க்கிறவள்தான். ஆனால் அப்படி ஒரு வீட்டை அதற்குமுன் பார்த்ததில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தேவராஜ் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். அறை சின்னதாக இருந்தால் பரவாயில்லை. தண்ணீர் தூக்கிக்கொள்ளலாம். தெருவில் விற்க முடியாத ஏதாவது இருக்க வேண்டும். "கவர்மென்டு ஸ்கூலு, ரயிலு ரோடு, மசூதி, அந்த மாரி. மணி அடிக்கணும், இல்ல சத்தம் வரணும். நாளைக்கு எவனும் வந்து அதுக்கு வெல பேசக்கூடாது."

ஆறு ஞாயிற்றுக்கிழமை சரோஜாவும் நானும் அலைந்தோம். வேலையில் அத்தனை ஆண்டுகள் நான் பார்த்ததெல்லாம் வீட்டின் உள்பக்கம். இப்போது தெருவில் நின்று, இது எத்தனை காலம் இப்படியே இருக்கும் என்று பார்த்தேன். பார்க்கிற இடமெல்லாம் போய்விடும்போல் தெரிந்தது. பேக்கரி போய்விடும். மரக்கடை போய்விடும். பழைய சினிமாக் கொட்டகை கட்டாயம் போய்விடும். கடைசியில் லிங்கம்பள்ளியைத் தாண்டி, ராமச்சந்திராபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு அகப்பட்டது. பக்கவாட்டில் அரசுப் பள்ளிக்கூடம், தெருமுனையில் மசூதி. எதிரே நீளமான மதில். அதற்குள் கபரஸ்தான், முஸ்லிம்களின் இடுகாடு. வாடகைக்கு ஆள் வராமல் ஓராண்டாகப் பூட்டிக் கிடந்தது.

சரோஜா வாசலிலேயே நின்றுவிட்டாள். "நக்கோ மேடம், வேணாம். வயசுப் பொண்ண வெச்சிக்கினு சுடுகாட்டு எதுர்லயா?"

தேவராஜை ஆட்டோவில் கூட்டிவந்து காட்டினோம். மதிலின்மேல் கையை வைத்து அதன் நீளம் முழுக்க நடந்தார். திரும்பி வந்தபோது, அந்த மாதங்களில் முதன்முறையாகச் சிரித்தார்.

"சரோஜா, உள்ள கீறவங்கள யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. அவங்க எதுர்ல இருந்தா நமக்கும் கொஞ்சம் பாதுகாப்பு."

ஐம்பத்தாறு வயதில் புதிய தெருவைக் கற்க ஆரம்பித்தார். மதில் முடியும் வரை இடதுகைப் பக்கம்; பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் வந்ததும் நின்று, ரோட்டைக் கடக்க வேண்டும். முதல் மாதம் சரோஜா கூடவே போனாள். அடிகளின் எண்ணிக்கை அடிக்கடி தப்பியது. ஒருநாள் ரோட்டோரத்தில் நின்று, "மண்டை முன்ன மாரி இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம்.

அவர் தனியாகப் போகிற முதல் நாளன்று லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். பத்தடி பின்னால் பேசாமல் நடந்தேன். தெரிந்திருக்கும்; திரும்பவில்லை. மதிலைக் கடந்தார், பள்ளிக்கூடத்தைக் கடந்தார். இரண்டு தடவை நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தார். பஸ் நிறுத்தத்தின் கம்பத்தைத் தொட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"வந்துட்டன் மேடம்."

"ஹவ்" என்றேன் தக்கனியில். "ஆமா, வந்துட்டீங்க."

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் நின்றேன். அவர் கேட்டார்.

"நீங்க எங்க இருக்கீங்க மேடம்? கேட்டதேயில்ல."

"நிஜாம்பேட்டை ரோட்டுல."

"சொந்தமா?"

"சொந்தம்தான். பிளாட்."

"எப்ப வாங்குனீங்க?"

நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் முகம் என் பக்கம் திரும்பி, பதிலுக்காக மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

"எங்க கேம்பஸ் வர்றதுக்கு முன்னாடி. எங்களுக்குத் தெரியும், வரப்போவுதுன்னு."

"அப்ப நல்லா ஏறியிருக்குமே இப்ப."

"ஏறியிருக்கு."

அவர் தலையை ஆட்டினார். தூரத்தில் தொழிற்சாலை பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்தது. கதவு திறந்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி, உள்ளே யாருக்கோ வணக்கம் சொன்னார். பஸ் கிளம்பிற்று. நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், என் வீட்டுக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றேன்.